மேசை மேல் ஓர் அச்சகம்

சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குள் நுழைந்து காகிதம் கேட்டால், கடைக்காரர் நிறத்தைப் பற்றிக் கேட்க மாட்டார். "எத்தனை ஜிஎஸ்எம்?" என்பதுதான் முதல் கேள்வி, அதாவது தாள் எவ்வளவு கனம். "ஆஃப்செட்டா, ஸ்கிரீன் பிரின்டிங்கா?" என்பது இரண்டாவது. "எத்தனை ரீம்?" என்பது மூன்றாவது. வாழ்த்து அட்டை செய்கிறேன், இருபத்தைந்து தாள் போதும் என்று சொன்னதும் அவர் கவனம் பின்னால் நிற்கும் கல்யாணப் பத்திரிகைக்காரரிடம் தாவிவிடும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. மூன்றும் சரியான கேள்விகள். கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் யாரும் அவற்றைக் கேட்பதில்லை. அங்கே எல்லாமே செல்லோபேன் உறைக்குள் பளபளக்கும், விலையும் அதற்கேற்றாற்போல் இருக்கும்.

ரப்பர் ஸ்டாம்ப், டை (தாளை வடிவமாக வெட்டும் எஃகுத் தகடு), மை ஆகியவற்றை வைத்து வீட்டில் வாழ்த்து அட்டை செய்யும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. பார்க்கிறவர்கள் "உங்களுக்கு நன்றாக வரைய வருமே" என்பார்கள். எனக்கு ஒரு யானையைக்கூட ஒழுங்காக வரைய வராது. வரையத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை தேவையும் இல்லை. இது அச்சு வேலை. செதுக்கி வைத்த உருவத்தின் மேல் மை ஏற்றி, அளவான அழுத்தத்தில், சரியான இடத்தில் தாளில் பதிக்கிறோம். பிறகு கூரான விளிம்புள்ள டையால் வெட்டுகிறோம். சிவகாசியில் பெரிய கூடத்தில் நடப்பது இங்கே சாப்பாட்டு மேசையில் நடக்கிறது, அவ்வளவுதான். இதை ஓவியத்தோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் மார்க்கர் பெட்டிகளை வாங்கிக் குவிக்கிறார்கள். அச்சுத் தொழிலோடு சேர்த்துப் பார்த்தால் கவனிக்க வேண்டியவை மூன்றே: தாள், மை, அழுத்தம்.

தாளை முதலில் முடித்துவிடுகிறேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் நிற்கிறது என்ற கணக்கு. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4 வரும். ஆகவே 300 ஜிஎஸ்எம் ஏ4 தாளின் எடை அதில் பதினாறில் ஒரு பங்கு, 18.75 கிராம். அந்தத் தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் ஏ6 அளவில் இரண்டு அட்டைகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒன்பதரை கிராமுக்குச் சற்றுக் குறைவாக. இந்தக் கணக்கு எதற்கென்றால், தபாலில் சாதாரணக் கடிதத்துக்கு முதல் கட்டணம் 20 கிராம் வரைதான். முகப்பில் அதே கனத்தில் இன்னொரு தாள் ஒட்டினால் 4.7 கிராம் கூடும். நல்ல உறைக்கு ஐந்து கிராம் போட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் பத்தொன்பதைத் தொட்டாயிற்று. அதற்குமேல் ஃபோம் டேப் வைத்து ஒரு பூவைத் தூக்கி நிறுத்தினால் அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். அடித்தாளுக்கு 250 முதல் 300 வரையும் மேல் அடுக்குகளுக்கு 160 முதல் 200 வரையும் நான் வாங்குவதற்குத் தராசைத் தவிர வேறு காரணம் இல்லை.

தாளுக்கு இழையோட்டம் உண்டு என்பதை எந்த பைண்டரும் சொல்வார். தாளை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் முரண்டு பிடிக்கும், மறுபக்கம் இணங்கி வரும். இணங்கும் வளைவோடு சேர்ந்துதான் மடிப்பு ஓட வேண்டும். எதிராக மடித்தால், அதுவும் கனத்த தாளில், முதுகில் நார் பிரிந்து வெள்ளை வெள்ளையாக வெடிக்கும். மடிப்பதற்கு முன் மழுங்கிய முனையால் ஒரு கோடு அழுத்த வேண்டும். கோட்டின் ஒரு பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் மேடாகவும் இருக்கும். பள்ளத்துக்குள் மடிப்பதுதான் இயல்பு என்று கை சொல்லும். அச்சகத்தில் மேடு உள்ளே வரும்படிதான் மடிப்பார்கள். அப்படி மடித்தால் வெளிப்புற நார் இழுபடுவதில்லை.

அளவு விஷயத்தில் ஒரு தொல்லை இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கு இன்றைய வடிவத்தில் அமெரிக்காவில் வளர்ந்தது. அங்கே தாள் எட்டரைக்குப் பதினொன்று அங்குலம்; அதைப் பாதியாக்கி மடித்தால் நாலேகாலுக்கு ஐந்தரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 108-க்கு 140 மில்லிமீட்டர். நம்முடைய ஏ6 அட்டை 105-க்கு 148. அகலத்தில் 3 மில்லிமீட்டர் குறைவு, உயரத்தில் 8 மில்லிமீட்டர் அதிகம். அமெரிக்க அளவுக்குச் செய்த சட்ட (ஃபிரேம்) டைகளில் பெரியதை நம் அட்டையில் வைத்தால் இரு ஓரமும் இடிக்கும், மேலும் கீழும் காலியாக நிற்கும். வாங்குவதற்கு முன் அளவுகோலை எடுத்துப் பார்ப்பது நல்லது. பொருளின் படத்தைப் பார்த்து அளவு தெரிந்துகொள்ள முடியாது.

இனி மை. இந்த வேலையில் பாதிச் சிக்கல் மையில்தான், பாதி மகிழ்ச்சியும் அதில்தான். ஸ்டாம்பும் டையும் சரியாக இருந்தும் அட்டை ஏன் மங்கலாக, அல்லது ஈஷிக்கொண்டு, அல்லது மறுநாள் வேறு நிறத்தில் வருகிறது என்று யாராவது கேட்டால், என்ன மை என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பலருக்குப் பதில் தெரியாது. "நீலம்" என்பார்கள்.

நம் வீட்டு வாசலிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. நிலைப்படிக்கு மஞ்சள் பூசுகிறோம், கோலத்துக்குக் காவி இடுகிறோம். மஞ்சள் ஒரு சாயம். துணியில் பட்டால் இழைக்குள் இறங்கிவிடும், தொட்டால் கையில் வராது, ஆனால் வெயிலில் போட்டால் வெளுக்கும். காவி ஒரு மண். எதற்குள்ளும் இறங்காது, மேலேயே படியும். காயும்வரை காலில் ஒட்டும், காய்ந்தபின் வெயில் அதை ஒன்றும் செய்யாது. ஸ்டாம்ப் மைகளும் அடிப்படையில் இந்த இரண்டு குலம்தான். சாய மை தாளுக்குள் இறங்கி உடனே காயும். காலப்போக்கில் வெளிச்சம் பட்டு மங்கும். பிக்மென்ட் மை, அதாவது நிறமித் துகள் கலந்த மை, தாளின் மேலே அமர்ந்து மெதுவாகக் காயும். நிறம் நிற்கும், கறுப்புத் தாளில் வெள்ளையாகக்கூடப் பதியும். சாய மையில் அது முடியாது, உள்ளே இறங்கிக் காணாமல் போய்விடும்.

இந்த ஒரு வேறுபாடு மனதில் இருந்தால் மீதியெல்லாம் தானாக வரும். பின்னணிக்கு நிறம் பரப்ப வேண்டுமா? சாய மை. கோடு கூர்மையாக, எழுத்து கறுப்பாக வேண்டுமா? பிக்மென்ட். ஜப்பானின் சுகினேகோ நிறுவனத்தின் பெட்டிகள் இங்கேயும் கிடைக்கின்றன: மெமென்டோ சாய மை, வெர்சாஃபைன் எண்ணெய் கலந்த பிக்மென்ட் மை, ஸ்டேஸ்ஆன் கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் போன்ற உறிஞ்சாத பரப்புகளுக்கான கரைப்பான் மை. பதித்தபின் வாட்டர்கலர் பூசப்போகிறேன் என்றால் தண்ணீரில் கரையாத மையால் பதிக்க வேண்டும். ஆல்கஹால் மார்க்கரால் நிறம் கொடுக்கப்போகிறேன் என்றால் ஆல்கஹாலில் கரையாத மை வேண்டும். இரண்டையும் மாற்றி வைத்தால் பூவின் கறுப்பு விளிம்பு இதழுக்குள் ஓடி, மலர் துக்கம் விசாரிக்க வந்ததுபோல் ஆகிவிடும்.

தண்ணீர் பட்டால் ஓட வேண்டும் என்றே செய்த மைகளும் உண்டு. அமெரிக்காவின் ரேஞ்சர் நிறுவனம் வெளியிடும் டிஸ்ட்ரெஸ் மை அப்படிப்பட்டது. மென்மையான தூரிகையால் தாளில் வட்ட வட்டமாகத் தேய்த்துப் பரப்பிவிட்டு, விரல் நுனியில் தண்ணீர் தொட்டுச் சுண்டினால், துளி விழுந்த இடத்தில் சாயம் விலகி வெளிறிய புள்ளி உண்டாகும். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். 2017-இல் வந்த டிஸ்ட்ரெஸ் ஆக்ஸைடு சாயமும் நிறமியும் கலந்தது. அதில் தண்ணீர் பட்ட இடம் சுண்ணாம்பு பூத்தாற்போல் மாவு நிறமாகும். தூரிகையைத் தாளின் நடுவில் வைத்துத் தொடங்கக் கூடாது. தாளுக்கு வெளியே, மேசை விரிப்பின் மேல் தொடங்கிச் சுழற்றிக்கொண்டே ஓரத்தின் வழியாக உள்ளே வர வேண்டும். முதல் தொடுதலில்தான் மை அதிகம் இறங்கும், அந்தத் திட்டு பிறகு எதற்கும் மறையாது. அடர்ந்த நிறம் வேண்டுமென்றாலும் அழுத்தத்தைக் கூட்டாமல் சுற்றுகளைக் கூட்ட வேண்டும். பெட்டியிலிருந்து தாளுக்குப் போகும் மை எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு சீராக நிறம் ஏறும்.

பிக்மென்ட் மை மெதுவாகக் காய்வது குறைபோலத் தெரியும். அந்தக் குறையை வைத்துத்தான் எம்போசிங் வேலையே நடக்கிறது. ஈரமாக இருக்கும் பதிவின் மேல் பிசின் பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன் என்ற சூடான காற்றுக் கருவியால் சூடு காட்டினால் பொடி உருகி ஒன்றுசேர்ந்து மேடாக இறுகும். கல்யாணப் பத்திரிகையில் விரலால் தடவினால் தட்டுப்படும் தங்க எழுத்தும் இதே உத்திதான்; அச்சகத்தில் அதற்குத் தெர்மோகிராபி என்று பெயர், வீட்டில் பொடி டப்பாவும் ஹீட் கன்னும். தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டு இதைச் செய்ய முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் காற்று அதிகம், சூடு குறைவு. பொடி உருகாது, பறக்கும்.

பொடி, தேவையில்லாத இடத்திலும் ஒட்டும். தாளில் விரல் ரேகையின் எண்ணெய், மின்னேற்றம், ஈரம் எல்லாம் காரணம். மெல்லிய துணியில் முகப் பவுடரை முடிந்து, பதிப்பதற்கு முன் தாளில் ஒருமுறை ஒற்றினால் போதும். இதற்கென்று தனிப் பை விற்கிறார்கள். வாங்க வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் எம்போசிங் செய்வது இன்னொரு கதை. காற்றில் இருக்கும் ஈரம் முழுவதையும் தாள் குடித்து வைத்திருக்கும். சூடு பட்டதும் அந்த ஈரம் ஒரு பக்கமாக வெளியேறித் தாள் படகாக வளையும், சில சமயம் கொப்புளம்கூடப் போடும். நான் அந்த மாதங்களில் தாளை முதலில் வெறுமனே சூடுகாட்டி ஆற வைத்துவிட்டுத்தான் பதிக்கிறேன். சாய மைகளும் அப்போது சோம்பேறியாகக் காயும். கார்த்திகையில் பொங்கல் அட்டை வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு வேறு வழியில்லை. மின்விசிறிக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்து வரிசையாகப் பரப்ப வேண்டியதுதான்.

இந்த வேலையின் முன்னோர்கள் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் ஹென்றி கோல். 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி தபால்முறை வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. தபால் மலிந்ததும் கடிதங்கள் குவிந்தன. பதில் எழுத நேரமில்லாமல் 1843 கிறிஸ்துமஸுக்கு ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரைந்து வாங்கி, கல்லச்சில் ஆயிரம் பிரதிகள்போல அடித்து, கையால் நிறம் தீட்ட வைத்தார். விலை ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு கடிதங்களுக்கான தபால் செலவு. நடுவில் ஒரு குடும்பம் மதுக் கோப்பையை உயர்த்துகிறது, குழந்தைக்கும் ஒரு வாய் கொடுக்கிறார்கள், மதுவிலக்குக்காரர்கள் கொதித்தார்கள். உலகின் முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டை இதுதான் என்கிறார்கள். இதில் நான் கவனிப்பது வேறு ஒன்று: அச்சிட்ட கோட்டுக்குள் கையால் நிறம். ஸ்டாம்ப் பதித்து மார்க்கரால் நிரப்பும் நாம் இன்றும் அதையேதான் செய்கிறோம்.

மற்றவர் எனக்கு நெருக்கமானவர். எஸ்தர் ஹௌலாண்ட், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரம். தந்தை புத்தக, எழுதுபொருள் வியாபாரி. 1840-களின் கடைசியில், இங்கிலாந்திலிருந்து வந்த காதலர் தின அட்டை ஒன்றைப் பார்த்துவிட்டு, இதை நானே செய்வேன் என்று காகித லேஸும் வண்ணப் படங்களும் வரவழைத்துச் சில மாதிரிகள் செய்தார். விற்பனைக்குப் போன சகோதரர் 200 டாலர் அளவுக்கு ஆர்டர் கொண்டுவந்தால் போதும் என்று அவர் நினைத்திருக்க, வந்தது 5,000 டாலருக்கு மேல். தோழிகளை வீட்டுக்கு அழைத்து மேசையைச் சுற்றி உட்காரவைத்து, ஒருவர் வெட்ட, ஒருவர் அடுக்க, ஒருவர் ஒட்ட என்று வேலையைப் பங்கு போட்டார். லேஸின் ஓட்டைகள் வழியாகத் தெரியும்படி அடியில் வண்ணத்தாள் வைத்ததும், விசிறி மடிப்புக் காகிதத்தைச் சுருள்வில்லாக வைத்து மேல் அடுக்கைத் தூக்கி நிறுத்தியதும் அவர் பட்டறையின் அடையாளம். டையால் வெட்டிய சன்னலுக்குப் பின்னால் வண்ணத்தாள், ஃபோம் டேப்பின் மேல் பூ என்று இன்றைக்கு எல்லாரும் செய்வது அவர் கைவேலையின் நீட்சி. படிக்காமலே பரவிய பாடத்திட்டம்.

டை பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை, நன்றாக வேலை செய்கிறது என்பதால். மெல்லிய எஃகுத் தகட்டை அமிலத்தால் அரித்து, விளிம்பு மட்டும் கூராக நிற்கும்படி செய்கிறார்கள். கீழே ஒரு பிளாஸ்டிக் பலகை, மேலே தாள், அதன்மேல் கூரான பக்கம் தாளைப் பார்க்கும்படி டை, மறுபடி ஒரு பலகை. இந்த அடுக்கைக் கை இயந்திரத்தின் இரு உருளைகளுக்கு நடுவே கைப்பிடியைச் சுற்றி அனுப்ப வேண்டும். பலகை முறிவதுபோல் சத்தம் வரும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். சதுர டையை உருளைக்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து வைத்தால், நீளமான விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் உருளையில் மாட்டாது, கையும் இலேசாகச் சுற்றும். நடுவில் சரியாக வெட்டவில்லையென்றால் டைக்குப் பின்னால் ஒரு மெல்லிய தாள் துண்டு. காலால் மிதிக்கும் டிரெடில் அச்சு மிஷின் ஓட்டிய பழைய அச்சகக்காரர்கள் எழுத்து அழுத்தமாக விழாத இடத்துக்கு அடியில் கிழித்த காகிதம் ஒட்டிச் சமன் செய்வார்கள், அதே வைத்தியம். பலகைகள் ஒரே பக்கம் வெட்டுப்பட்டு வளையும், ஒவ்வொரு முறையும் திருப்பிப் போட்டால் நிமிரும்.

சிக்கல் தமிழில் தொடங்குகிறது. கடையில் விற்கும் சொல் டைகளெல்லாம் ஆங்கிலம். கூட்டெழுத்தாக ஒரே கோட்டில் ஓடும் 'ஹலோ' ஒரே துண்டாக வெட்டுப்பட்டு வரும், ஒட்டினால் தீர்ந்தது. 'வாழ்த்து' என்று வெட்டிப் பாருங்கள். வ தனி, கால் தனி, ழ தனி, அதன் புள்ளி தனி, த தனி, அதன் புள்ளி தனி, து தனி. ஏழு துண்டுகள். புள்ளி இரண்டும் கடுகளவு. இடுக்கியால் எடுத்துப் பசை தொட்டு வைப்பதற்குள் ஒன்று மின்விசிறிக் காற்றில் போயிருக்கும். சரி, எழுத்தை ஒட்டாமல் சன்னலாக வெட்டிப் பின்னால் வண்ணத்தாள் வைக்கலாம் என்றால், வ-வின் சுழிக்குள் இருக்கும் துண்டும் த-வின் சுழிக்குள் இருக்கும் துண்டும் விழுந்துவிடும்; எழுத்து பல் விழுந்த மாதிரி நிற்கும். இதற்கு நான் கண்ட வழி, எழுத்துகளைச் சுற்றி ஒரு தடித்த நிழல் வடிவம் வரைந்து முழுச் சொல்லையும் ஒரே பாளமாக வெட்டி, எழுத்தை அதன்மேல் அச்சிடுவது. கம்ப்யூட்டரோடு இணைத்துக் கத்தியால் வெட்டும் சிறு இயந்திரங்கள் இதைச் சுலபமாகச் செய்கின்றன. அச்சகங்களுக்கு டை செய்பவர்களிடம் கேட்டால் உதவாது. அவர்கள் பிளைவுட்டில் எஃகுப் பட்டையை வளைத்துப் பொருத்துகிறவர்கள், பெட்டி, உறை, வட்டம், வளைவு எல்லாம் அருமையாக வரும், ண-வின் சுழியளவுக்குப் பட்டை வளையாது.

எழுத்தை அச்சிடுவது என்றேன். அந்த ஸ்டாம்பும் கடையில் இல்லை. விலைக்குக் கிடைப்பவை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற வாக்கியங்கள். சும்மா நினைத்தேன், அனுப்பினேன் என்பதற்கு ஓர் அட்டை. அண்டை வீட்டுக்காரர் செய்த உதவிக்கு ஓர் அட்டை. நம் பக்கம் மணிவிழா இருக்கிறது, சதாபிஷேகம் இருக்கிறது, காதுகுத்து, புதுமனை புகுவிழா, வளைகாப்பு. ஒன்றுக்கும் ஸ்டாம்ப் இல்லை. பக்கத்து வீட்டு மாமி ஒரு கிண்ணம் வத்தக்குழம்பு கொடுத்தால் கிண்ணத்தில் எதையாவது போட்டுத் திருப்பிக் கொடுப்போமே தவிர, நன்றி அட்டை கொடுத்தால் மாமி சண்டையா என்று கேட்பார்.

தீர்வு எங்கே இருக்கிறதென்றால், சார்பதிவாளர் அலுவலகங்களையும் நீதிமன்றங்களையும் சுற்றி, ஜெராக்ஸ் கடைக்கும் நோட்டரிக்கும் இடையில் இருக்கும் ரப்பர் ஸ்டாம்ப் கடையில். கைவினைக் கடையில் விலை உயர்ந்த, கண்ணாடிபோல் தெளிவான ஸ்டாம்பாக விற்கப்படுவதும், இங்கே 'செயலாளர்' என்று செய்து தரப்படுவதும் ஒரே பொருள்தான், ஒளியால் இறுகும் பாலிமர். முறையும் ஒன்றேதான். கணினியில் எழுத்தைக் கோத்து நெகட்டிவ் ஃபிலிம் எடுப்பார்கள். எழுத்து மட்டும் தெளிவாக, சுற்றிலும் கறுப்பாக. கண்ணாடியின் மேல் ஃபிலிமை வைத்து, சுற்றிலும் கரை கட்டி, தேன் பதத்தில் இருக்கும் திரவத்தை ஊற்றி, மேலே இன்னொரு கண்ணாடியை வைத்துப் பிடிப்பு போட்டு, புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைப்பார்கள். ஒளி பட்ட இடம் இறுகும், படாத இடம் திரவமாகவே இருக்கும். சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் இறுகாதது கழுவிப்போய் எழுத்து மேடாக நிற்கும். மறுபடி கொஞ்ச நேரம் ஒளியில் காட்டி எடுத்தால் ஸ்டாம்ப் தயார். இதற்கு முன்பு ஈய எழுத்தைக் கோத்து அச்செடுத்து, அதில் ரப்பரை வைத்துச் சூட்டில் அழுத்திச் செய்வார்கள். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வித்தைக்கு சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் தொடக்ககால ஸ்டாம்ப்காரர்கள் பல் மருத்துவர்கள் பொய்ப்பல் கட்ட வைத்திருந்த சூட்டுப் பாத்திரங்களைத்தான் இதற்குப் பயன்படுத்தினார்கள்.

நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் முதல் முறை என் பென் டிரைவைச் செருகிவிட்டுக் கேட்டார்: "எந்த அலுவலகத்துக்கு அம்மா?"

"அலுவலகத்துக்கு இல்லை அண்ணா. வாழ்த்து அட்டைக்கு."

"அப்படியென்றால் தேதி, கையொப்பக் கோடு ஒன்றும் வேண்டாமா?"

வேண்டாம் என்றேன். திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் மெல்லிய கோடுள்ள, கையெழுத்துப் பாணி எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தேன். பேனா முனையால் ழ-வின் தலைக்கு மேல் தொட்டுக் காட்டினார். "இந்தப் புள்ளி நிற்காது அம்மா. எழுத்துக்கு அடியில் பிடிமானம் இருக்கிறது, புள்ளி தனியாக நிற்கிறது. பிரஷ் போட்டதும் போய்விடும். இந்தச் சுழி இருக்கிறதே, இதற்குள் மை அடைத்துக்கொள்ளும். எழுத்தைத் தடிமனாக்குங்கள், புள்ளியை இன்னும் தடிமனாக்குங்கள், சுழியைத் திறந்துவிடுங்கள்." பல ஆண்டுகள் அரசு முத்திரைகளில் புள்ளிகளைக் காப்பாற்றி வந்தவரின் அறிவு அது. தமிழ் எழுத்துரு வடிவமைப்பு பற்றி நான் கேட்ட மிகச் சுருக்கமான, மிகப் பயனுள்ள வகுப்பும் அதுதான்.

அதன்பிறகு தடித்த, கோடு சீரான எழுத்துருக்களையே எடுக்கிறேன். எழுத்தின் உயரம் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல், நீளமான வாழ்த்தாக இருந்தால் இரண்டு வரியாக உடைத்து. 'பிறந்தநாள்' ஒரு வரி, 'வாழ்த்து' ஒரு வரி. வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற வழக்கில் ரப்பரில் தீர்ப்பு எழுத எனக்குத் துணிச்சல் இல்லை, ஒருமையில் நிறுத்திக்கொண்டேன். கடையில் சொல்ல வேண்டியது இரண்டு. கைப்பிடியில் ஒட்டாமல் அப்படியே தாருங்கள் என்று கேளுங்கள், தெளிவான அக்ரிலிக் கட்டையில் தற்காலிகமாக ஒட்டிப் பதிக்கலாம். மேலிருந்து பார்த்தால் எழுத்து நேராகவே தெரியும், எங்கே விழப்போகிறது என்று கண்ணால் பார்த்துப் பதிக்கலாம். இரண்டாவது, பாலிமர்தான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். இப்போது பல கடைகளில் ஃபிளாஷ் ஸ்டாம்ப் செய்து கொடுத்துவிடுகிறார்கள். அதில் மை உள்ளேயே ஊறியிருக்கும், நிறத்தை மாற்ற முடியாது. அலுவலகத்துக்கு வசதி, நமக்கு வீண். புது பாலிமர் மையை ஏற்காமல் முத்து முத்தாகத் திரட்டும். பள்ளிக்கூட வெள்ளை அழிப்பானால் மேற்பரப்பை இலேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும். வேலை முடிந்ததும் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். வெயில் படும் சன்னலோரம் வைக்காதீர்கள், மஞ்சளித்துப் பிசுபிசுக்கும்.

பதிக்கும்போது பாதி எழுத்து வெளிறி விழுந்தால் கையால் பதித்ததை மறுபடி அதே இடத்தில் பதிக்க முடியாது. ஓர் இம்மி விலகினாலும் எழுத்து இரட்டையாகும். மிஸ்டி என்ற பெயரில் வரும் பெட்டி இந்தக் கவலையைத் தீர்த்தது. கீல் வைத்த மூடி, அடியில் தாளைக் காந்தம் பிடித்துக்கொள்ளும், மூடியின் உள்பக்கம் ஸ்டாம்ப் ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை மூடினாலும் அதே இடம். அச்சகத்தில் ரிஜிஸ்டர் என்று சொல்வார்களே, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காருவது, அது இந்தப் பெட்டிக்குள் வந்துவிட்டது. சொல்லப்போனால் கையால் மூடித் திறக்கும் ஒரு குட்டி அச்சு இயந்திரம்தான் இது. நான் வாங்கிய கருவிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன், டை இயந்திரத்தை அல்ல.

ரிஜிஸ்டர் என்றதும் பழைய பொங்கல் வாழ்த்துகள் நினைவுக்கு வருகின்றன. கைப்பேசி வருவதற்கு முன் மார்கழி பிறந்ததும் பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். ஏர் உழவன், கரும்பு, பொங்கும் பானை, தலைவர்கள், நடிகர்கள், முருகன். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கி வளர்ந்த சிவகாசி அச்சகங்களின் கைவண்ணம். மலிவான அட்டைகளில் உதட்டுச் சிவப்பு உதட்டில் இருக்காது, கொஞ்சம் தள்ளிக் கன்னத்தில் இருக்கும். உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி 'புக் போஸ்ட்' என்று எழுதிப் போட்டால் தபால் செலவு குறைவு. வீட்டில் பெயர்ப் பட்டியல் போட்டு, நமக்குப் போன வருடம் அனுப்பாதவர்களை அடித்துவிட்டு எழுதுவார்கள். அந்த அட்டைகளை மட்டம் தட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நான்கு நிறம், ஜிகினா, கீழே ஒரு குறட்பா, எல்லாம் ஒரு சிறுவனின் கைக்காசுக்கு. அந்த விலையில் அதைவிட நேர்த்தியை யாரால் கொடுக்க முடியும்?

என் பொங்கல் அட்டைகள் அவற்றுக்குப் போட்டியல்ல. கரும்பு ஒரு ஸ்டாம்ப், பானை ஒரு டை, எழுத்து கடைக்காரர் செய்து தந்தது. எல்லா அட்டைக்கும் முதலில் பின்னணி, பிறகு எல்லாவற்றுக்கும் கரும்பு, பிறகு எழுத்து, கடைசியில் பானையை ஒட்டுவது என்று கட்டம் கட்டமாகப் போவேன். ஒவ்வோர் அட்டையாக முடிக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் மையைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே எழுதுவதற்குத் தனியாக ஒரு மாலை. முகப்புக்கு மணிக்கணக்காக உழைத்துவிட்டு உள்ளே பெயரை மட்டும் கிறுக்கி அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். படம்தான் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் கைப்பேசியில் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

இதை விற்கலாமே என்று யோசனை சொல்லாத உறவினர் இல்லை. சித்தி ஒருபடி மேலே போய், தம்பி கல்யாணத்துக்கு இருநூறு பத்திரிகை கையாலேயே செய்து கொடு, செலவை வாங்கிக்கொள் என்றார். பத்துக்கு மேல் முப்பதுக்குள் இருக்கும்வரைதான் இந்த மேசை அச்சகம் லாபம், அதாவது மகிழ்ச்சி. ஐம்பதைத் தாண்டினால் மணிக்கட்டு வலி, தாள் சேதம், மை தீர்வது, நிறம் ஓர் அட்டைக்கு ஒரு மாதிரி ஆவது. இருநூறுக்கு ஆஃப்செட்டும் தெர்மோகிராபியும் இருக்கின்றன. பஞ்சிங் போட்டு, ஓரத்தில் மஞ்சள்கூடத் தடவி, இரண்டு வாரத்தில் கட்டி அனுப்பிவிடுவார்கள். சித்தியை ஆண்டர்சன் தெருவுக்கு நானே கூட்டிப் போனேன். கடைக்காரர் எத்தனை ஜிஎஸ்எம் என்று கேட்டதும் சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். முந்நூறு, ஐவரி, மேட் என்றேன். அன்றைக்குத்தான் அந்தக் கடையில் எனக்கு உட்கார ஸ்டூல் போட்டார்கள்.